எல்லாரும் சேர்ந்து ஒரு வழக்கு

போன மாதம் ஒரு புதன்கிழமை. காலை எட்டு மணிகூட ஆகவில்லை. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுத் திண்ணையில் குழுக்கடன் வசூல் நடந்துகொண்டிருந்தது. பத்துப் பெண்கள் உள்ள குழு. அன்று ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். பத்தாவது பெண் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடலூர் பெரியாஸ்பத்திரியில் இருந்தார். வசூலுக்கு வந்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். "அவங்க பணமும் வந்தாத்தான் சென்டர் முடியும், யாரும் எழுந்திரிக்க வேணாம்" என்றான். அரைமணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் ஒன்பது பேரும் ஆளுக்கு 130 ரூபாய் போட்டு வராதவரின் தவணை 1,170 ரூபாயைக் கட்டிவிட்டு எழுந்தார்கள்.

கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். விஷயம் அது இல்லை. வசூல் முடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் கேட்டதுதான் விஷயம். "நீ காமர்ஸ் தானே தம்பி படிக்கிற? எங்க பத்துப் பேரையும் சேர்த்து உட்கார வெச்சுத்தான் கடன் குடுத்தான். ஒருத்தி கட்டலைன்னா பத்துப் பேரும் கட்டணும்ங்கறான். அப்ப நாங்க பத்துப் பேரும் சேர்ந்து அவன்மேல ஒரே கேஸா போட முடியாதா?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. மூன்று வருடமாகக் கூட்டு வட்டிக் கணக்கு போடுகிறேன், இந்தக் கேள்வி எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. பதிலைத் தேடப் போய் வேறு எங்கெங்கோ சுற்றி 1855-ல் போய் நின்றேன். வக்கீல் படிப்பு படிக்காதவன் எழுதுகிறேன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

லால்பேட்டையில் வளர்ந்தவனுக்கு வட்டி என்ற சொல்லே கொஞ்சம் கூசும். பெரிய அரபிக் கல்லூரி இருக்கிற ஊர். வட்டி ஹராம் என்று ஜும்ஆ பயானில் கேட்காத பிள்ளை இங்கே கிடையாது. வாங்குவதும் பாவம், கொடுப்பதும் பாவம், கணக்கு எழுதுவதும் பாவம். அந்தக் கடைசி வகையில் என்னைப்போல் பி.காம். படிக்கிறவன் மாட்டுவான் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். இதெல்லாம் இருந்தும் புதன்கிழமை திண்ணையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ், வளைகுடாவில் இருக்கிற வீட்டுக்காரருக்கு நாலு மாதமாகச் சம்பளம் வராதது என்று ஆளுக்கொரு காரணம். பாவம் என்று தெரியாமல் யாரும் வாங்கவில்லை.

வட்டிக்கு வரம்பு வேண்டும் என்பது மார்க்கத்தில் மட்டும் உள்ள எண்ணம் அல்ல. இந்து தர்ம சாஸ்திரங்களில் 'தாம்துபத்' என்று ஒரு விதி உண்டு. ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி அசலைத் தாண்டக் கூடாது. நூறு ரூபாய் கடனுக்கு வட்டி எவ்வளவு ஏறினாலும் இருநூறோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பம்பாய் மாகாணக் கோர்ட்டுகளும் கல்கத்தா நகரக் கோர்ட்டும் இந்த விதியை இந்துக் கடன்தாரர்களுக்குப் பொருத்தின. சென்னை மாகாணக் கோர்ட்டுகள் பொருத்தவில்லை. நம் ஆட்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

அடுத்துத்தான் 1855 வருகிறது. கம்பெனி ஆட்சியில் அதுவரை வட்டிக்குச் சட்டப்படி ஓர் உச்சவரம்பு இருந்தது. 1854-ல் இங்கிலாந்து தன் நாட்டு வட்டிச் சட்டங்களை ரத்து செய்தது. பணமும் ஒரு சரக்கு, அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்பது அன்றைய பொருளாதாரப் பாடம். அடுத்த வருடமே இங்கேயும் 28-ஆம் எண் சட்டமாக அது வந்தது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட வட்டி எதுவானாலும் கோர்ட் அதை வசூலித்துக் கொடுக்க வேண்டும். லண்டனில் வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையே அது சரியாக இருக்கலாம். கைநாட்டு வைக்கிற குடியானவனுக்கும் லேவாதேவிக்காரருக்கும் இடையே 'ஒப்புக்கொண்டது' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

இதன் விளைவைக் காட்ட ஒரு வழக்கு போதும். வடநாட்டில் அப்பா மகன் சொத்துச் சண்டை. வழக்குச் செலவுக்காக மகன் சுமார் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறார். 24 சதவீதம் கூட்டு வட்டி. 11 வருடத்தில் அது 11 மடங்குக்கும் மேலாகி 1,12,885 ரூபாயாக நின்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது வழக்கு. பணத்துக்கு அவசரம் இருந்தது என்பதாலேயே கடன் கொடுத்தவர் இவரை ஆட்டிப்படைத்தார் என்று ஆகிவிடாது, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். ரகுநாத் பிரசாத் வழக்கு என்று காண்ட்ராக்ட் ஆக்ட் படித்த எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கும் 'அன்டியூ இன்ஃப்ளூயன்ஸ்' பாடத்தில் அது இரண்டு வரியாக வந்தது. அந்தத் தொகையை மட்டும் புத்தகத்தில் போடவில்லை.

கோர்ட் இப்படி இருந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? 1875 மே 12, பூனா ஜில்லாவில் சூபா என்ற சந்தை ஊர். குடியானவர்கள் கூட்டமாகப் போய் லேவாதேவிக்காரர்களின் கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் பிடுங்கித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். பக்கத்து ஊர்களுக்கும், அகமத்நகர் ஜில்லாவுக்கும் அது பரவியது. தக்காணக் கலவரம் என்று வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் என்னைக் கவர்ந்தது ஒன்று. பத்திரத்தைக் கேட்டதும் கொடுத்துவிட்ட இடங்களில் பெரும்பாலும் ஆள்மீது கை வைக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது காகிதம்தான். எல்லாருடைய கடனும் தனித்தனிக் காகிதத்தில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கூட்டி ஒரே நாளில் தீர்த்துக்கொண்டார்கள். அக்கா கேட்ட 'ஒரே கேஸ்' அதுதான், கோர்ட்டில் நடக்காமல் சந்தையில் நடந்தது. அரசு கமிஷன் போட்டது. 1879-ல் தக்காணக் குடியானவர் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல், கடன் தொடங்கிய நாள்முதல் கணக்கைத் தோண்டிப் பார்க்க ஜட்ஜுக்கு அதிகாரம் கிடைத்தது. ஆனால் பூனா, சதாரா, சோலாப்பூர், அகமத்நகர் ஆகிய நாலு ஜில்லாவுக்குத்தான். கலவரம் செய்யாத தென்னாற்காட்டுக்கு ஏன் தருவார்கள்?

நம் பக்கம் விடிய 1938 ஆயிற்று.

1929-க்குப் பின் உலகப் பொருளாதாரமே சரிந்தபோது நெல் விலையும் சரிந்தது. கடன் மட்டும் பழைய விலையில் நின்றது. அதாவது நூறு ரூபாய்க் கடனை அடைக்க முன்பு விற்ற நெல்லைப்போல் இரண்டு மடங்கு விற்றாக வேண்டும் என்கிற மாதிரி நிலை. மாகாணத்தின் கிராமக் கடன் சுமார் 150 கோடி ரூபாய் என்று 1930-ல் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ஐந்து வருடத்தில், 1935-ல் சத்தியநாதன் அறிக்கை அதைச் சுமார் 200 கோடி என்றது. 1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. 1938 மார்ச் 22-ல் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம் அமலுக்கு வந்தது.

அதன் கணக்கைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனா? 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி, அசல் மட்டும் கட்டினால் போதும். அசலும் வட்டியுமாக ஏற்கெனவே அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே முடிந்தது. அந்தத் தேதிக்குப் பின் வாங்கிய கடனா? பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் 5 சதவீதத் தனி வட்டிதான். இனி வாங்கப் போகும் கடனுக்கு ஆறேகால் சதவீதம். 1928-ல் நூறு ரூபாய் வாங்கி, ஒன்பது வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இருநூறு கட்டியவர், காலையில் கடன்காரராக எழுந்து மாலையில் கடன் இல்லாதவராகப் படுக்கலாம். சென்னைக் கோர்ட்டுகள் தர மறுத்த தாம்துபத்தைச் சட்டசபை கொண்டுவந்துவிட்டது. வேறு சொத்து இல்லாத விதவை போன்ற பெண்கள் கொடுத்திருந்த சிறு கடன்களுக்கு மட்டும் விலக்கு. வட்டிக்குக் கொடுத்தவர் எல்லாரும் மீசை முறுக்கியவர்கள் இல்லை என்று யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் சட்டத்தின் பெயரே 'விவசாயிகள்' நிவாரணம். விவசாயி என்றால் நிலத்தில் ஏதாவது பாத்தியதை இருக்க வேண்டும். வீராணம் ஏரிப் பாசனத்தில் கால் வைத்துச் சேறு மிதித்த பண்ணையாளுக்கு நிலம் ஏது? பண்ணையாரிடம் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகத் தலைமுறையாக உழைத்தவர், அந்தச் சட்டத்தின் கண்ணில் கடன்தாரரே இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அந்தக் கடன்களை ரத்து செய்தது 1976-ல். இடையில் முப்பத்தெட்டு வருடம்.

1938 சட்டம் வந்ததும் யார் கோர்ட்டுக்குப் போனது என்று பாருங்கள். கடன் கொடுத்தவர்கள்தான். புரோநோட்டு மத்திய அரசின் அதிகாரத்தில் வரும் விஷயம், மாகாணச் சட்டசபை அதில் கை வைக்க முடியாது என்று ஒரு செட்டியார் வழக்கு டெல்லி பெடரல் கோர்ட் வரை போனது. 1940-ல் அந்தக் கோர்ட், சட்டத்தின் சாரம் என்ன என்று பார்க்க வேண்டும், புரோநோட்டைப் போகிற போக்கில் தொடுவதால் மட்டும் அது செல்லாததாகாது என்று சொல்லிச் சட்டத்தைக் காப்பாற்றியது. ஒரு நீதிபதி மாறுபட்டார். வங்காளத்தில் 1940-ல் வந்த லேவாதேவிச் சட்டத்தை எதிர்த்து ஒரு வங்கி பிரிவி கவுன்சில் வரை போய் 1947-ல் தோற்றது. நெருக்கடி நிலை காலத்தில் மகாராஷ்டிரா கொண்டுவந்த கடன் நிவாரணச் சட்டத்தை எதிர்த்தும் லேவாதேவிக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1977-ல் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில் தோற்றார்கள். மூன்றிலும் அவர்கள் தோற்றார்கள் என்பது சந்தோஷம்தான். ஆனால் கடன் கொடுத்தவர் தரப்புக்கு எப்போதும் கோர்ட் வாசல் தெரிந்திருந்தது. கடன் வாங்கியவர் மனு கொடுத்தார், ஊரை விட்டு ஓடினார், எரித்தார், ஓட்டுப் போட்டார். கோர்ட்டுக்கு வந்தபோதெல்லாம் பிரதிவாதியாகத் தனியாக வந்தார்.

அதற்காகக் கூட்டாக வழக்குப் போட வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வழி பழசு. 1882-ஆம் வருட சிவில் நடைமுறைச் சட்டத்தில் அது 30-ஆம் பிரிவு. 1908 சட்டத்தில் ஆணை 1, விதி 8. ஒரே நலன் உள்ள பலர் இருந்தால் கோர்ட்டின் அனுமதியோடு ஒருவரோ சிலரோ எல்லாருக்குமாக வழக்குப் போடலாம். மற்ற எல்லாருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். ஆட்கள் அதிகம் என்றால் பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும். செலவு வழக்குப் போடுகிறவர் தலையில். தீர்ப்பு எல்லாரையும் கட்டுப்படுத்தும். அமெரிக்கர்கள் கிளாஸ் ஆக்‌ஷன் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அவர்களுடைய 23-ஆம் விதி வந்தது 1938-ல்தான். நாம் முந்தி.

அப்படி முந்தி என்ன செய்தோம்? கோயில் உற்சவத்தில் யாருக்கு முதல் மரியாதை, பள்ளிவாசல் நிர்வாகம் யாருக்கு, ஊர்க்குளம் யாருக்குச் சொந்தம், வண்டிப்பாதையை அடைத்தது யார் என்று இதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்தினோம். கடனுக்கு மட்டும் அந்த விதி வரவில்லை. காரணம் மேலே சொன்ன காகிதம்தான். குளம் எல்லாருக்கும் ஒன்று. பத்திரம் ஆளுக்கொன்று. என் பத்திரத்தின் தேதி வேறு, தொகை வேறு, கட்டியது வேறு. 'உங்கள் வழக்குமூலம் வேறு வேறு, தனித்தனியாக வாருங்கள்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே சொல்லிவிடுவார்.

இந்த முட்டுக்கட்டையை உடைத்த வழக்கு சென்னை அசோக் நகரில் இருந்து வந்தது என்று தெரிந்தபோது, அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று இருந்தது. எதிரி லேவாதேவிக்காரர் இல்லை, தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம். குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு அசோக் நகரில் வீடு ஒதுக்கினார்கள். அறுபதுகளில் நடந்த ஒதுக்கீடு. விலை பேசி, தவணை கட்டி, எல்லாம் முடிந்தது என்று குடியிருந்தவர்களுக்கு 1975-ல் வாரியத்திடமிருந்து கடிதம் வந்தது. இன்னும் பணம் கட்டு என்று. ஒருவர் தனக்காக மட்டும் போகாமல், ஒதுக்கீடு பெற்ற எல்லாருக்குமாக ஆணை 1 விதி 8-ன்படி வழக்குப் போட்டார். வாரியம் அதே பழைய பல்லவியைப் பாடியது: ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், தொகையும் தனித்தனி, ஆகவே வழக்குமூலமும் தனித்தனி.

1990-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான். விதி கேட்பது ஒரே நலனை, ஒரே வழக்குமூலத்தை அல்ல. 1976-ல் திருத்தம் செய்தபோதே அதற்கு ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். எல்லாருடைய கேள்வியும் 'முடிந்த கணக்குக்கு மேல் கேட்கலாமா' என்ற ஒரே கேள்விதானே? ஒரே கேள்விக்கு நூறு வழக்கு எதற்கு? அதைத் தவிர்க்கத்தான் விதியே இருக்கிறது. வாரியத்தின் ஆட்சேபம் நிற்கவில்லை. தொகை வேறுபட்டாலும் கேள்வி ஒன்று என்றால் வழக்கு ஒன்று. பத்து அட்டை, பத்துத் தொகை, ஒரே திண்ணை. பொருந்துகிறதே!

இங்கே கொஞ்சம் நின்று கந்துவட்டிச் சட்டத்தைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் அக்காவுக்கு அடுத்து இதைக் கேட்ட எல்லாரும், 'அதான் கந்துவட்டிச் சட்டம் இருக்கே' என்றார்கள்.

2003 மே மாதம் சினிமா தயாரிப்பாளர் ஜி.வெங்கடேஸ்வரன் தற்கொலை செய்துகொண்டார். கடன் நெருக்கடிதான் காரணம் என்று செய்திகள் வந்தன. ஊரே பேசியது. அந்த வருடமே அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டங்களிலேயே நம் தெருப் பேச்சுக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று நினைக்கிறேன். தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று அத்தனையும் அப்படியே சட்டத்துக்குள் இருக்கின்றன. மூன்று வருடம் வரை ஜெயில், 30,000 ரூபாய் வரை அபராதம். கடன்தாரர் பணத்தைக் கோர்ட்டிலேயே கட்டிவிட்டு மனுப் போடலாம். துன்புறுத்தலுக்குப் பின் தற்கொலை நடந்தால், கொடுத்தவர் தூண்டியதாகவே கருதலாம்.

தண்டல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கைக்கு வருவது 8,500. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். 1,500 ரூபாய் வட்டி, பதினைந்து சதவீதம்தானே என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தப்பு. 8,500-ம் நூறு நாளும் உங்கள் கையில் இல்லையே! முதல் நாளிலிருந்தே நூறு நூறாகத் திரும்பிப் போகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் வருடத்துக்குச் சுமார் 120 சதவீதம். இதே கடனுக்கு 12 சதவீத வட்டி போட்டால் நூறு நாளுக்கு ஏறத்தாழ 140 ரூபாய்தான் வரும். 140 எங்கே, 1,500 எங்கே. கையில் கால்குலேட்டர் வைத்திருந்த எனக்கே அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆனால் இந்தச் சட்டம் கிரிமினல் சட்டம். புகார் கொடுக்க வேண்டும், போலீஸ் வழக்குப் பதிய வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஸ்டேஷன் படி ஏற வேண்டும். 2017 அக்டோபர் 23-ஆம் தேதி திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள் தீயில் கருகினார்கள். கந்துவட்டிக் கொடுமை என்று ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்திருந்தவர்கள். அந்தப் படத்தை நான் பள்ளியில் படிக்கும்போது பார்த்தேன். இப்போதும் எழுதும்போது கை நிற்கிறது. சட்டம் வந்து பதினாலு வருடம் ஆகியிருந்தது.

சரி, புதன்கிழமை வசூல் கம்பெனிக்கு இந்தச் சட்டம் பொருந்துமா? பதிவு பெற்ற நிதி நிறுவனம் என்றால் சிக்கல். கேரள லேவாதேவிச் சட்டத்தை எதிர்த்து நிதி நிறுவனங்கள் போட்ட வழக்கில் (இதிலும் அவர்களே!) 2022 மே 10 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிதி நிறுவனங்களை ரிசர்வ் வங்கியே முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது, மாநில லேவாதேவிச் சட்டங்கள் அவற்றைத் தொடாது. வங்கிகளுக்கோ 1984-லிருந்தே தனிக் கவசம். வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக வங்கிக் கடனைக் கோர்ட் திறந்து பார்க்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். தண்டல்காரரை மாநிலச் சட்டம் பிடிக்கும், கம்பெனியைப் பிடிக்காது. மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கத் தமிழ்நாடு 2025-ல் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. அது வசூல் முறையைப் பற்றியது, வட்டியைப் பற்றியது அல்ல.

வட்டியையே கேள்வி கேட்டு, எல்லாக் கடன்தாரருக்குமாகப் போன ஒரு பெரிய வழக்கு நம் நாட்டில் உண்டு. ஆவாஸ் என்ற அமைப்பு 2007-ல் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. கிரெடிட் கார்டுக்கு வங்கிகள் 36 முதல் 49 சதவீதம் வரை வட்டி போடுகின்றன, இது அநியாய வணிகம் என்றது. 2008 ஜூலை 7-ல் ஆணையம் ஒப்புக்கொண்டு, 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. வெளிநாட்டு வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2009-ல் தடை. அப்புறம்? 2024 டிசம்பர் 20 அன்று சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. வட்டி நிர்ணயம் ரிசர்வ் வங்கியின் வேலை, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை ஆணையம் திருத்தி எழுத முடியாது. பதினாறு வருடம் கழித்து மறுபடி 1855-க்கே வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

ஜெயித்த கதையும் ஒன்று இருக்கிறது, விட்டுவிடக் கூடாது. கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டாமல் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் வட்டி ஓடும், அந்த வட்டிக்கு வட்டியும் ஓடும். ஆக்ராவைச் சேர்ந்த ஒரு சாதாரணக் கடன்தாரர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சிறு தொழில் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. வழக்கு நடக்கும்போதே 2 கோடி வரையிலான கடன்களுக்கு வட்டிமேல் வட்டியை அரசே தருவதாகச் சொன்னது. 2021 மார்ச் 23 தீர்ப்பில், தொகை எவ்வளவானாலும் யாரிடமும் அதை வாங்கக் கூடாது, வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு என்றார்கள். முழு வட்டியும் தள்ளுபடி கேட்டது கிடைக்கவில்லை. ஒரு லட்சம் கடனுக்கு 24 சதவீதம் என்றால் ஆறு மாதத் தனி வட்டி 12,000, மாதாமாதம் கூட்டினால் 12,616. வித்தியாசம் 616 ரூபாய். ஆளுக்குச் சில்லறைதான். ஆனால் வழக்கே போடாத லட்சக்கணக்கானவர்கள் கணக்கில் அது வந்து விழுந்தது. கோரிக்கை வட்டி விகிதத்தைப் பற்றி இல்லாமல் கணக்குப் போட்ட முறையைப் பற்றி இருந்ததால்தான் இவ்வளவாவது நடந்தது என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில்தான் எனக்கு அக்காவின் கேள்விக்குப் பதில் கொஞ்சம் தெளிந்தது. 'வட்டி அதிகம்' என்று போனால் ஆவாஸ் கதிதான். ரிசர்வ் வங்கி 2022-ல் நுண்கடனுக்கு விதிகள் கொண்டுவந்தபோது வட்டிக்கு இருந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டது. ஆனால் அதே விதிகளில் வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. வருட வட்டி எவ்வளவு என்று கடன்தாரருக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தர வேண்டும். எல்லாக் கடன் தவணையும் சேர்த்துக் குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. இவற்றை மீறினார்களா என்பது பத்துப் பேருக்கும் ஒரே கேள்வி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 35-ஆம் பிரிவில் ஒரே நலன் உள்ளவர்களுக்காக ஒருவர் ஆணையத்தின் அனுமதியோடு புகார் போட இடம் இருக்கிறது. தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கடலூர் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் சென்னையில் ஆர்பிட்ரேட்டர்' என்று ஒரு வரி இருக்கும். அமெரிக்காவில் அந்த வரியே கிளாஸ் ஆக்‌ஷனைக் கொன்றுவிட்டது, 2011-ல் அங்கே உச்ச நீதிமன்றம் அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. இங்கே 2018-ல் நம் சுப்ரீம் கோர்ட், அந்த வரி இருந்தாலும் நுகர்வோர் ஆணையக் கதவு மூடாது என்று சொல்லிவிட்டது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவிக் குழுவில் இலவச வக்கீல் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெங்களூரில் ஒரு பெரிய குடியிருப்பில் 91 பேர் சேர்ந்து, 1,134 வீட்டுக்காரர்களுக்குமாகப் புகார் போட்டார்கள். 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், எல்லாருக்கும் ஒரே நலன் என்று புகாரில் சரியாக எழுதிக் காட்டவில்லை, ஆகவே இது எல்லாருக்குமான வழக்கு அல்ல, 91 பேரின் கூட்டுப் புகாராக நடக்கட்டும் என்றது. எங்கள் தெருவுக்கு அது போதும். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டால் பத்துப் பேரின் புகார். பக்கத்துத் தெருக் குழுக்களும் வேண்டுமென்றால்தான் அந்த அனுமதி, விளம்பரம் எல்லாம்.

இப்போது எங்கள் வீட்டு மேஜையில் பத்துப் பேரின் கடன் அட்டைகளின் ஜெராக்ஸ் இருக்கிறது. ஏழு அட்டையில் வருட வட்டி ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்றில் அந்தக் கட்டமே காலி. சட்ட உதவிக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம், சிதம்பரம் போக வேண்டும். ஒன்பது மணி விதியைத் தமிழில் எழுதி அக்கா அந்தப் பையனிடம் காட்டினார். அவன் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அடுத்த புதன் ஒன்பதேகாலுக்கு வந்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் ஊர் திரும்பிவிட்டார். ஒன்பது பேருக்கும் 130 ரூபாய் தர வேண்டியிருக்கிறது. இதுவரை நாலு பேருக்குக் கொடுத்திருக்கிறார். அந்த 1,170 ரூபாயையும் புகாரில் சேர்க்கலாமா என்று அக்கா கேட்கிறார். வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.